இவர் உங்களுக்கு என்ன முறை?

பன்னிரண்டு வருடம் கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் உயிரியல் நடத்திவிட்டு, முப்பத்தொன்பதாவது வயதில் நான் மறுபடியும் மாணவியானேன். எடுத்துக்கொண்ட படிப்பு மரபணு ஆலோசனை. ஒரு குடும்பத்தில் பரம்பரையாக ஏதாவது குறைபாடு இருக்கிறதா, அடுத்த குழந்தைக்கும் வர வாய்ப்பு உண்டா, எந்தப் பரிசோதனை உதவும், எது உதவாது என்று வருகிறவர்களோடு உட்கார்ந்து பொறுமையாகப் பேசுகிற வேலை. சர்ச்சில் யாராவது விசாரித்தால் "ஜெனெடிக் கவுன்சிலிங் படிக்கிறேன்" என்பேன். நம் ஊரில் கவுன்சிலிங் என்றால் இன்ஜினியரிங் சீட்தான். "அப்ப எங்க பொண்ணுக்கு எந்த காலேஜ் போடலாம்னு நீங்களே சொல்லிடுங்க" என்று போனில் மார்க் ஷீட்டைத் திறந்து காட்டியவர்கள் உண்டு. ஆரம்பத்தில் விளக்கம் சொல்லிப் பார்த்தேன். பிறகு தெரிந்த அளவுக்கு காலேஜே சொல்லிவிடுவது சுலபமாக இருந்தது.

வீடு அஸ்தினாபுரத்தில். காலையில் ஸ்கூட்டரை எடுத்து செம்பாக்கம், மேடவாக்கம் வழியாகப் பள்ளிக்கரணையைத் தாண்டி, கல்லூரி மருத்துவமனைக்குப் போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகும். என் கணவருக்கு மறைமலை நகரில் வேலை. கார் பாகங்கள் செய்கிற ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவு. அவருடைய ஷிப்ட் பஸ் என்னைவிட முந்திக் கிளம்பிவிடும். வீட்டைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, முதுகில் லேப்டாப்போடு படியிறங்கும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாகவும் நிறையச் சந்தோஷமாகவும் இருக்கும்.

இரண்டாம் வருடத் தொடக்கத்தில் ஆய்வுத் திட்டம் எழுதித் தர வேண்டும். என்ன கேள்வியை ஆராயப்போகிறோம், ஏன், யாரிடம், எப்படி என்று பத்துப் பன்னிரண்டு பக்கத்தில் சொல்லி, துறைக் குழுவிடமும் நெறிமுறைக் குழுவிடமும் அனுமதி வாங்கினால்தான் ஆய்வைத் தொடங்க முடியும். என் வழிகாட்டி என்னைவிட ஐந்து வயது இளையவர். அவரை நான் மேடம் என்பேன். வயதை நினைத்து அவரும் என்னை மேடம் என்பார். கூட இருந்தவர்கள் சிரித்தும் இருவரும் மாற்றிக்கொள்ளவில்லை.

முதலில் நான் எழுதிக்கொண்டு போன திட்டத்தின் தலைப்பு, சென்னை மக்களிடையே மரபணுப் பரிசோதனை குறித்த விழிப்புணர்வு. நாற்பது கேள்விகள். எனக்கு அதில் பெருமைகூட இருந்தது. அவர் மேலிருந்து கீழ்வரை வாசித்துவிட்டுக் காகிதத்தை என் பக்கம் திருப்பி வைத்தார்.

"விழிப்புணர்வு இருக்கும்னு நினைக்கிறீங்களா, மேடம்?"

"குறைவாத்தான் இருக்கும்."

"கடைசி பக்கத்துல என்ன எழுதுவீங்க?"

"விழிப்புணர்வு குறைவா இருக்கு, அதிகப்படுத்தணும்னு."

"அதை இப்பவே எழுதிடலாமே. ஒரு வருஷம் எதுக்கு?"

காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த மூன்று வாரத்தில் இன்னும் இரண்டு தலைப்புகள் கொண்டுபோனேன். ஒன்று ஏற்கெனவே பலர் செய்தது. இன்னொன்றுக்கு நான் ஐந்து வருடம் படிக்க வேண்டியிருக்கும். என் வகுப்பில் இருந்தவர்கள் எல்லோருக்கும் தலைப்பு முடிவாகிவிட்டது. பள்ளியில் இருந்தபோது, கேள்வி கேள் கேள் என்று பிள்ளைகளை விரட்டிய ஆசிரியைக்கு, சொந்தமாக ஒரு கேள்வி கிடைக்கவில்லை.

அந்தச் சமயத்தில்தான் அந்தத் தம்பதி வந்தார்கள். அவர்களை யாரும் கண்டுபிடித்துவிடாதபடி சில விவரங்களை இங்கே மாற்றியிருக்கிறேன். தாம்பரத்துக்குக் கிழக்கே, முன்பு ஏரிப்பாசன நிலமாக இருந்து இப்போது மனைகளாகிவிட்ட ஒரு ஊர். அந்த ஊரின் பழைய குடும்பம். கணவர் கட்டுமானச் சாமான் கடை வைத்திருந்தார். மனைவிக்கு இருபத்து நான்கு வயது, நான்கு மாதக் கர்ப்பம். மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை, இரண்டு காதிலும் மெஷின் மாட்டியிருந்தது. பிறவியிலேயே கேட்கும் திறன் இல்லை. வயிற்றில் இருக்கிற குழந்தைக்கும் அப்படி இருக்குமா என்று தெரிந்துகொள்ள மகப்பேறு மருத்துவர் அனுப்பியிருந்தார்.

முதலில் குடும்ப வரைபடம் போட வேண்டும். அது மாணவர்கள் செய்கிற வேலை. ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், குறைபாடு உள்ளவர் என்றால் உள்ளே நிறைத்துவிடுவோம். கணவனும் மனைவியும் உறவுக்காரர்கள் என்றால் நடுவில் இரட்டைக் கோடு. வரவேற்பில் அவர்கள் நிரப்பித் தந்த படிவம் என் கையில் இருந்தது. 'இரத்த உறவில் திருமணமா?' என்ற கேள்விக்கு 'இல்லை' என்று மனைவி தெளிவாக டிக் போட்டிருந்தாள். நான் ஒற்றைக் கோடு போட்டேன்.

கணவர் பைக்கை நிறுத்தப் போயிருந்தார். குழந்தை என் மேஜையில் இருந்த ஸ்டேப்ளரை ஆராய்ந்துகொண்டிருந்தது.

"உங்க பக்கத்துல வேற யாருக்காவது காது கேக்காம இருக்காம்மா?"

"என் தம்பிக்கு கேக்காது, மேடம். பொறந்ததுல இருந்தே."

அவள் பக்கத்தில் ஒரு சதுரம் போட்டு நிறைத்தேன். கொஞ்ச நேரத்தில் கணவர் ஹெல்மெட்டோடு உள்ளே வந்தார். அவரிடமும் அதே கேள்வியைக் கேட்டேன்.

"எங்க அக்கா பையனுக்கு அந்த மாதிரி கீது, மேடம்."

அவர் பக்கத்தில் ஒரு சதுரம். அதையும் நிறைத்தேன். உறவே இல்லாத இரண்டு குடும்பம், இரண்டு பக்கமும் ஆளுக்கொரு பையன். பாடப்புத்தகத்தில் வருகிற கணக்குப்போல அழகாக அமைந்துவிட்டது என்று நினைத்தேன். வரைபடத்தை எடுத்துக்கொண்டு போய் வழிகாட்டியிடம் காட்டினேன். அவர் என்னோடு அறைக்கு வந்து உட்கார்ந்து அதையே சற்று நேரம் பார்த்தார்.

"உங்க தம்பிக்கு என்னம்மா வயசு?" என்று மனைவியிடம் கேட்டார்.

"பதிமூணு, மேடம்."

"உங்க அக்கா பையனுக்கு?"

"அவனுக்கும் பதிமூணுதான்," என்றார் கணவர்.

"ரெண்டு பேரும் எந்த ஸ்கூல்ல படிக்கிறாங்க?"

கணவனும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்தான் முதலில் சிரித்தார்.

"மேடம், ரெண்டு பேர் இன்னா ரெண்டு பேர்? எல்லாம் ஒரே பையன்தான்."

அந்தப் பையன் அவளுடைய சித்தி மகன், அதாவது அம்மாவின் தங்கை மகன். நம் வழக்கத்தில் சித்தி மகன் தம்பிதான், அதில் அவள் சொன்னது எதுவும் தவறில்லை. அந்தச் சித்தியோ அவருக்குச் சொந்த அக்கா. அதாவது, கணவர் அவளுடைய அம்மாவுக்குக் கூடப் பிறந்த தம்பி, அவளுக்குத் தாய்மாமன். பேச்சுக்கிடையே நாலைந்து தடவை அவரை அவள் 'மாமா' என்று கூப்பிட்டிருந்தாள். நம் பக்கத்தில் எத்தனையோ பேர் கணவரை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள் என்று நானும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

உண்மையில் இல்லாத ஒரு பையன் என் வரைபடத்தில் இருந்தான், இருந்தே ஆக வேண்டிய இரட்டைக் கோடு இல்லை. எனக்கு முகம் சூடாகிவிட்டது.

வழிகாட்டி படிவத்தை எடுத்து அந்த டிக்கைக் காட்டினார். "இங்க இல்லைன்னு போட்டிருக்கீங்களேம்மா."

"ஆமா மேடம். ரத்த சொந்தத்துல யாராச்சும் கட்டுவாங்களா? பங்காளி முறை ஆயிடும்ல. இவரு எனக்குக் கட்டிக்கிற முறை." சொல்லிவிட்டு எங்கள் முகங்களைப் பார்த்தாள். குரல் இறங்கிவிட்டது. "நான் பொய் எழுதிட்டேனா?"

"இல்லம்மா. நீங்க சரியாத்தான் எழுதியிருக்கீங்க. நாங்கதான் சரியா கேக்கல," என்றார் வழிகாட்டி.

அடுத்த கேள்வி எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். அவள் குழந்தையின் தலையைத் தடவிக்கொண்டே கேட்டாள். "அப்ப மாமாவ கட்னதாலதான் பாப்பாவுக்கு இப்படியா?"

வழிகாட்டி நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திக்கொண்டார். சொந்தத்தில் கட்டிய எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை, வெளியில் கட்டியவர்களுக்கும் ஆகிறது, ஒரே முன்னோரிடமிருந்து ஒரே மாற்றம் இருவருக்கும் வந்து சேர்ந்திருக்கலாம், அப்படி வந்தது யாருக்கும் தெரிந்திருக்க வழியில்லை, பரிசோதனை செய்தால் உறுதியாகச் சொல்ல முடியும் என்று நிதானமாக எடுத்துச் சொன்னார். கணவர் ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில், "டெஸ்ட் எடுத்துக்கலாம் மேடம். வூட்ல யாரும் இவள ஒண்ணும் சொல்லக்கூடாது. அத மட்டும் ஒரு பேப்பர்ல எழுதிக் குடுத்துடுங்க," என்றார்.

இப்படி ஒரு கோரிக்கையை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. எங்கள் துறையிலிருந்து குடும்பத்துக்குத் தருகிற கடிதத்தில் அன்று தமிழில் ஒரு வரி சேர்ந்தது. 'இதற்குத் தாயோ தந்தையோ செய்த எதுவும் காரணம் இல்லை.' வழிகாட்டி சொல்ல நான் எழுதினேன். அந்தக் கணவர் அதை இரண்டு தடவை வாசித்துவிட்டுச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டார்.

அவர்கள் போன பிறகு நான் வரைபடத்தைத் திரும்பப் போட்டேன். வெட்கம் குறைந்தபோது வேறொன்று மனதில் ஓடத் தொடங்கியது. அந்தப் படிவத்தில் இதுவரை எத்தனை பேர் 'இல்லை' என்று டிக் போட்டிருப்பார்கள்? அவர்களில் எத்தனை பேருக்கு அது உண்மையிலேயே 'இல்லை'?

அன்று சாயங்காலம் என் கணவர் ஷிப்ட் முடிந்து வந்ததும் காபியோடு சேர்த்து இதையும் சொன்னேன். அவருக்கு மரபணு பற்றித் தெரியாது. தொழிற்சாலையில் அவர் வேலை, வருகிற பாகங்களை அளந்து, சரியானதை உள்ளே விடுவது.

"பேஷண்ட் தப்பா சொல்றாங்கன்னு சொல்றியா?"

"இல்ல. அவங்க சரியாத்தான் சொல்றாங்க. நாங்க அதை வேற மாதிரி எடுத்துக்கறோம்."

"அப்ப உங்க கேஜ் தப்பு," என்றார். கேஜ் என்பது அவர்கள் அளக்கிற கருவி. "கேஜே தப்பா இருந்தா பீஸை எடுத்து வச்சுக்கிட்டு எவ்ளோ நேரம் பாத்தாலும் பிரயோஜனம் இல்ல. நாங்க முதல்ல கேஜைத்தான் செக் பண்ணுவோம்."

நான் டம்ளரை வைத்துவிட்டு நோட்டை எடுத்தேன். சமையலறை மேடையில் வைத்து ஒரு வரி எழுதினேன்: நாம் கேட்கிற தமிழ்க் கேள்விகள், குடும்ப உறவைச் சரியாக அளக்கின்றனவா? முதல் தடவையாக, விடை தெரியாத ஒரு கேள்வி என் கையெழுத்தில் இருந்தது.

வழிகாட்டியிடம் அந்த ஒரு வரியை மட்டும்தான் காட்டினேன். "இது எனக்கும் தெரியாது, மேடம்," என்றார். அவர் சொன்னதிலேயே எனக்கு அதிகம் பிடித்த வாக்கியம் அதுதான்.

திட்டம் எழுதுவதற்கு முன்னால் இந்தக் கேள்வி மருத்துவமனைக்கு வெளியேயும் பொருந்துகிறதா என்று பார்க்க நினைத்து, ஒரு வெள்ளிக்கிழமை மதியம் என் பழைய பள்ளிக்குப் போனேன். ஆசிரியைகள் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிற நேரம். ஆளுக்கொரு துண்டுச் சீட்டு கொடுத்து, ரத்த சொந்தம் என்றால் யார் யார் என்று பெயர் போடாமல் முறையை மட்டும் எழுதச் சொன்னேன். வாங்கிப் படித்தால் அம்மா, அப்பா, கூடப் பிறந்தவர்கள், பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள் என்று வரிசையாக வந்தது. தாய்மாமன் இரண்டே சீட்டில்தான் இருந்தார்.

"தாய்மாமா ரத்த சொந்தம் இல்லையா?" என்றேன்.

"சொந்தம்தான். ரத்த சொந்தம்னு சொல்ல மாட்டோம்," என்றார் தமிழாசிரியை.

"எங்க வீட்டுக்காரர் எனக்கு அத்தை பையன். சர்ச்ல கல்யாண அறிக்கை வாசிச்சு ஆட்சேபணை இருக்கான்னு கேட்டப்பகூட யாரும் எதுவும் சொல்லல," என்றார் கணக்கு ஆசிரியை. "முறைப் பையன். அவ்ளோதான்."

இயற்பியல் ஆசிரியைக்குப் பொறுக்கவில்லை. "என்ன பேசறீங்க? அம்மாவோட தம்பி எப்படி ரத்த சொந்தம் இல்லாம போவாரு? சயின்ஸ் டீச்சர் நான் சொல்றேன்." சொன்னவர் ஏதோ சந்தேகத்தில் தன் சீட்டைத் திரும்ப வாங்கிப் பார்த்தார். அதில் தாய்மாமன் இல்லை. மணி அடிக்கும்வரை அந்த அறையில் வேறு பேச்சே இல்லை. எனக்கு ஊட்டி விடாத குறையாக ஆளுக்கொரு கரண்டி கறி வைத்தார்கள். வயிறும் நோட்டும் நிரம்பித் திரும்பினேன்.

அதன் பிறகு எழுதுவது கஷ்டமாக இல்லை என்று சொன்னால் பொய். ஏழு தடவை மாற்றினேன். சென்னை முழுவதும் என்று தொடங்கியது சென்னையின் தென்புறம் என்று ஆகி, கடைசியில் எங்கள் மருத்துவமனைக்கு வருகிறவர்கள் என்று சுருங்கியது. படிவத்தை ஒரு முறை அவர்களே நிரப்புவார்கள். பிறகு நான் கூட உட்கார்ந்து வேறு விதமாகக் கேட்பேன். 'இவர் உங்களுக்கு என்ன முறை?', 'இவர் அம்மாவும் உங்க அப்பாவும் கூடப் பிறந்தவங்களா?', 'தம்பின்னா ஒரே வயித்துல பிறந்தவரா?' இரண்டிலிருந்தும் போட்ட வரைபடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எங்கெங்கே மாறுகிறது என்று பார்ப்பேன். இவ்வளவுதான் ஆய்வு. சிறியது. ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் எனக்குச் சங்கடமாக இல்லாமல் நிம்மதியாக இருந்தது.

துறைக் குழுவின் முன்னால் பேசிய அன்று புடவை கட்டிக்கொண்டு போனேன். பள்ளியில் ஆய்வாளர் வருகிற நாளில் கட்டுகிற அதே பழக்கம். பேசி முடித்ததும் புள்ளியியல் பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது மொழிப் பிரச்சனைம்மா. இதுல ஜெனெடிக்ஸ் எங்க இருக்கு?"

தயாரித்து வைத்திருந்த பதில் மறந்துபோனது. வாயில் வந்ததைக் கேட்டேன். "சார், உங்களுக்கு எத்தனை தம்பி?"

"மூணு பேர்." சற்று யோசித்தார். "கூடப் பிறந்தவன் ஒருத்தன். மத்த ரெண்டு பேர் சித்தப்பா பசங்க."

"அந்த ரெண்டு பேர்ல ஒருத்தருக்கு ஏதாவது வந்திருந்தா, நான் உங்க அம்மா அப்பாவுக்குக் கீழ போட்டிருப்பேன், சார். கணக்கு மொத்தமும் மாறிப்போயிருக்கும்."

அறையில் சிரிப்பு எழுந்தது. அவரும் சிரித்துவிட்டுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஏதோ எழுதினார். திருத்தங்களோடு ஏற்கப்பட்டது.

நெறிமுறைக் குழுவில் மருத்துவத்துக்கு வெளியே இருந்து ஒரு உறுப்பினர் இருந்தார், ஓய்வுபெற்ற தபால் அலுவலர். நான் எழுதிய ஒப்புதல் படிவத்தை அவர் சத்தமாக வாசித்தார். 'மேற்கூறிய ஆய்வில் பங்கேற்பாளராகிய நான் எவ்வித நிர்ப்பந்தமுமின்றி' என்று போய்க்கொண்டே இருந்த வாக்கியத்தின் பாதியில் நிறுத்தினார்.

"இதைப் படிச்சா என்னைக் கைது பண்ணப்போறாங்கன்னு தோணுதும்மா. நேர்ல எப்படிச் சொல்லுவீங்களோ அப்படியே எழுதுங்க."

அப்படியே எழுதினேன். இன்னொன்றும் கேட்டார்கள். பேச்சின் நடுவே, தாங்கள் நெருங்கிய உறவில் மணந்தவர்கள் என்பதன் பொருள் ஒருவருக்கு அப்போதுதான் புரிந்து மனம் உடைந்தால் என்ன செய்வீர்கள்? அன்றைக்கே வழிகாட்டியோடு உட்கார்ந்து பேச நேரம் ஒதுக்கப்படும், கடிதமும் தரப்படும் என்று சேர்த்தேன். கடிதத்தில் இருக்க வேண்டிய வரி எது என்று எனக்குத் தெரிந்திருந்தது.

திருத்தங்கள் செய்துகொண்டிருந்த நாட்களில் ஒருநாள் காரிடாரில், தாய்மாமனைக் கட்டிய அந்தப் பெண்ணைப் பார்த்தேன். கையில் பச்சைக் குழந்தை, பையன். மூத்தவள் முன்னால் ஓடிக்கொண்டிருந்தாள். இப்போது அம்மா பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் திரும்பிப் பார்த்தாள்.

"பையனுக்கு காது டெஸ்ட் எடுத்தாச்சு மேடம். கேக்குதாம்," என்றாள் அந்தப் பெண். பிறகு, "கேக்கலைன்னாலும் இந்த தடவ பயமில்ல. இன்னா பண்ணணும்னு தெரியும்," என்றாள். அந்தக் கடிதம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். மாமியார்தான் பத்திரமாக வைத்திருக்கிறாராம். மாமியார் என்றால் அவளுக்கு அம்மாவைப் பெற்றவர். நான் மனதுக்குள் கோடு போட்டுப் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டேன்.

அனுமதிக் கடிதம் மின்னஞ்சலில் வந்த மறுவாரமே முதல் குடும்பம் ஆய்வுக்குச் சம்மதித்தது. கணவர் ஆட்டோ ஓட்டுகிறவர், மனைவி ஒரு பேக்கரியில் வேலை. படிவத்தில் எல்லாவற்றுக்கும் 'இல்லை'. நான் வெள்ளைத்தாளை விரித்து, இவர் உங்களுக்கு என்ன முறை என்று தொடங்கினேன். "இவரு எங்க பெரியத்தை பையனுக்குத் தம்பி முறை" என்றாள் மனைவி. "இல்ல இல்ல, அது எங்க ஆயா பக்கம்" என்றார் அவர். அவர்களே பேனாவை வாங்கிக்கொண்டார்கள். யாருக்கு யார் பிள்ளை, மூத்தவர் யார், இளையவர் யார் என்று வழக்கு நடந்தது. இடையில் ஊருக்குப் போன் போட்டு ஒரு பெரியம்மாவிடம் விசாரித்தார்கள். நான் சும்மா உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். முக்கால் மணி நேரத்தில் வட்டமும் சதுரமும் தாளின் ஓரத்தைத் தொட்டுவிட்டன.

அவர் நிமிர்ந்து பார்த்தார். "மேடம், இன்னொரு பேப்பர் கீதா? எங்க சித்தப்பா வூடு இன்னும் வரல."